ஒயர் அத்தான் கையில் இருக்கட்டும்

நம் செட்டில் புதிதாகச் சேருகிற பிள்ளைகள் எல்லாரும் முதல் வாரத்திலேயே என்னிடம் கேட்டுவிடுகிற கேள்வி ஒன்று உண்டு. "அங்கிள், நீங்க ஏன் இன்னும் ஒயர் போட்டு வாசிக்கீங்க?" கேட்கிறவர்கள் இடுப்பில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு வயர்லெஸ் பெட்டியைச் செருகிக்கொண்டு மேடையில் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் ஓடுகிறவர்கள். நானோ கிட்டாரில் மாட்டிய இருபதடி ஒயரை இழுத்துக்கொண்டு நிற்கிறேன். போதாததற்கு, மேடை ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, ஊன்றுகோலைப் பக்கத்தில் சாய்த்து வைத்துக்கொண்டு, அந்த ஒயரை மடியில் சுருட்டிப் பிடித்தபடி ஒரு வயசாளி உட்கார்ந்திருக்கிறார். அவர் யார் என்று கேட்க உங்களுக்குக் கூச்சம். கிழவனுக்குத் துணைக்கு இன்னொரு கிழவன் என்று பின்னால் சிரித்துக்கொள்கிறீர்கள் என்றும் எனக்குத் தெரியும். எனக்கு வயதுதான் ஆகியிருக்கிறது, காது நன்றாகவே கேட்கிறது.

அவர் என் அத்தான். என் அக்காவின் வீட்டுக்காரர். ஒயர் கதையைச் சொல்ல வேண்டுமென்றால் அவரிடமிருந்துதான் தொடங்க வேண்டும்.

அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்விட்ட பிறகு நான் திரேஸ்புரத்தில் அக்கா வீட்டில்தான் வளர்ந்தேன். அத்தான் சங்கு குளிக்கிறவர், கடலுக்கு அடியில் மூழ்கிச் சங்கு எடுக்கிற தொழில். முத்துக்குளிப்பு எங்கள் காலத்துக்கு முன்பே நின்றுபோயிருந்தாலும் சங்கு குளிப்பு நிற்கவில்லை. வள்ளத்தில் கம்ப்ரசர் ஓடும். அதிலிருந்து ஹோஸ் வழியாகக் காற்று கீழே போகும். குளிக்கிறவரின் இடுப்பில் ஒரு கயிறு கட்டியிருக்கும். அதன் மறுமுனையை வள்ளத்தில் ஒருவன் கையில் பிடித்துக்கொண்டிருப்பான். கீழேயிருந்து ஒரு தடவை இழுத்தால் எல்லாம் சரி என்று அர்த்தம். இரண்டு தடவை இழுத்தால் என்னை மேலே தூக்கு என்று அர்த்தம். அந்தக் கயிறு மச்சினன் கையில்தான் இருக்க வேண்டும் என்பது முத்துக்குளித்த காலத்திலிருந்தே எங்கள் கடற்கரையின் வழக்கம். கூடப்பிறந்தவளின் தாலிக்காக அவன் பதறுகிற மாதிரி வேறு எவனும் பதறமாட்டான் என்று பெரியவர்கள் கணக்குப் போட்டிருக்கிறார்கள். ஆக, பதினெட்டு வயதிலிருந்து அத்தானின் கயிறு என் கையில்.

என் மீதி நேரம் முழுக்க கிட்டார். அந்தக் கிட்டாரையும் கொழும்புக்குத் தோணியில் போய்வருகிற ஒரு சிநேகிதரிடம் சொல்லிவைத்து அத்தான்தான் வாங்கித் தந்தார். நானும், டிரம்ஸ் வாசிக்கிற ஒரு நாசரேத்துப் பையனும் காலியாகக் கிடந்த ஒரு உப்புக் குடோனில் பயிற்சி செய்வோம். உப்புக்காற்றில் கம்பிகள் இரண்டே வாரத்தில் துருப்பிடித்துவிடும். மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்துத் துடைத்து வாசிப்போம். விரல்களில் அந்த வாடை போகாது, சோறு சாப்பிடும்போதுகூட இருக்கும். ராக் பாட்டுகளைத் தமிழில் நானே எழுதினேன். துறைமுகத்தைப் பற்றி, பஸ் ஸ்டாண்டில் பார்த்த ஒருத்தியைப் பற்றி, அக்கா வைக்கிற திட்டுகளைப் பற்றி. எழுதிய ஒவ்வொரு பாட்டையும் முதலில் கேட்டவர் அத்தான்தான். ஈரத்தலையோடு வாசலில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். முடிந்ததும், "இன்னொரு மட்டம் பாடுல" என்பார். அந்த நாட்களை இப்போது நினைத்தாலும் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

எனக்கு இருபத்துமூன்று வயது நடக்கும்போது சாகுபுரம் டவுன்ஷிப்பில் ஒரு விழாவுக்கு எங்களை வாசிக்கக் கூப்பிட்டார்கள். உண்மையான மேடை, உண்மையான மைக், முதல் தடவை. விழா மாலையில்தான், ஆனால் மைக்கெல்லாம் சரிபார்க்கக் காலையிலேயே வரச் சொல்லியிருந்தார்கள். சங்கு சீசனின் கடைசி வாரம் அது. தண்ணீர் தெளிந்து கிடந்தது. அப்படிப்பட்ட ஒரு நாளைப் பாட்டுக்காக விடச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. காய்ச்சல் என்றால் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். அக்காவும் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒரு ஞானஸ்நானத்துக்காகப் புன்னைக்காயலுக்குப் போயிருந்தாள். விடிகாலையில் அத்தான் எழுப்ப வந்தபோது கம்பளியை இழுத்து மூடிக்கொண்டு, காய்ச்சலடிக்கிறது என்று முனகினேன். படுத்துக்கொள் என்று சொல்லிவிட்டுப் போனார். நான் இல்லாமல் அவர் கடலில் இறங்கமாட்டார், இன்று வலை பின்னிக்கொண்டு கரையில்தான் இருப்பார் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு திருச்செந்தூர் ரோட்டில் பஸ் ஏறினேன்.

அவர் இறங்கிவிட்டார். பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர், நான் பிடிக்கிறேன் கயிற்றை என்று கூப்பிட்டிருக்கிறார். நல்ல மனிதர், அவரை நான் எந்தக் காலத்திலும் குறை சொன்னதில்லை. கீழே அத்தான் இருக்கும்போது கம்ப்ரசர் நின்றுபோயிருக்கிறது. அந்த மனிதர் பதறிப்போய்க் கயிற்றைக் கீழே போட்டுவிட்டு எஞ்சினைக் கிளப்ப ஓடியிருக்கிறார். அந்த நேரத்தில் அத்தான் இரண்டு தடவை இழுத்திருக்கிறார். மறுபடியும் இரண்டு தடவை. மேலே கயிறு பலகையில் கிடந்தது. மூச்சு முட்டி, இருந்த ஆழத்திலிருந்து ஒரே வீச்சில் தானாகவே மேலே வந்திருக்கிறார். அப்படி அவசரமாக வந்தால் ரத்தத்தில் காற்றுக்குமிழ் கட்டிக்கொள்ளும், உடம்பு தாங்காது. உயிர் பிழைத்தது, இரண்டு காலும் விளங்காமல் போய்விட்டது.

இதை உங்களுக்கு எதற்குச் சொல்கிறேன் என்றால், மெஷின் நின்றுபோனால் எல்லாருக்கும் கண் முதலில் மெஷினிடம்தான் போகும். போன மாதம் ஸ்பீக்கர் கத்தியபோது நீங்கள் ஐந்து பேரும் மிக்ஸரைப் பார்த்து ஓடினீர்கள். பாடிக்கொண்டிருந்த பெண் நடு மேடையில் தனியாக நின்றாள். மெஷினை ஒருவன் பார்த்தால் போதும். மற்ற நாலு பேரும் அவளுக்கு ஒரு தாளத்தைக் கொடுத்துக்கொண்டு நின்றிருக்க வேண்டும்.

மறுநாள் காலையில் நான் ஊர் திரும்பியபோதுதான் விஷயம் தெரிந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் அக்கா குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். நான் போய் நின்றதும் என் நெற்றியில் கைவைத்துப் பார்த்தாள். ஆட்கள் நேற்று வந்து கதவைத் தட்டியிருக்கிறார்கள். நான் காய்ச்சல் மயக்கத்தில் எழுந்திருக்கவில்லை என்று அவளாகவே நினைத்துக்கொண்டிருந்தாள். "இப்பம் பரவாயில்லையால?" என்று கேட்டாள். பரவாயில்லை என்று சொன்னேன்.

அதோடு பாட்டு எழுதுவது நின்றது. அத்தான் மூன்று வருஷம் பாடுபட்டு ஊன்றுகோலோடு எழுந்து நடந்தார். வலை பின்னுவது, பழுது பார்ப்பது என்று பிழைப்பை நடத்தினார். அக்கா மட்டும் வருகிறவர்களிடமெல்லாம், பாவம் அன்றைக்கென்று தம்பிக்குக் காய்ச்சல் வந்துவிட்டது என்று சொல்லுவாள். அதைக் கேட்டுக்கொண்டு அந்த வீட்டில் இருக்க முடியாமல்தான் நான் ஓடினேன். முதலில் சென்னையில் ஹோட்டல் பேண்ட். பிறகு உல்லாசக் கப்பல்கள். முப்பது வருஷத்துக்கு மேல் ஜாஸ்.

ஜாஸை நான் குறை சொல்வதாக நினைக்காதீர்கள். என் கையில் இருக்கிற வித்தை எல்லாம் அது போட்ட பிச்சை. ஆனால் ஒளிந்துகொள்ள நினைக்கிறவனுக்கு அதைவிட வசதியான இடம் கிடையாது. வார்த்தை வேண்டாம். ஒரே மெட்டை ஒவ்வொரு ராத்திரியும் வேறு மாதிரி வாசிக்கலாம். நீ யார், உனக்கு என்ன நடந்தது என்று யாரும் கேட்கமாட்டார்கள். கைதட்டிவிட்டுச் சாப்பிடப் போய்விடுவார்கள்.

என் முதல் கப்பலில் பேண்டுக்குத் தலைவராக ஒரு கோவாக்காரர் இருந்தார், பியானோ வாசிப்பவர். பேச்சு குறைவு. ஒரு நாள் சாக்ஸபோன்காரர் தன் முறை வந்து வாசித்துக்கொண்டிருக்கும்போது மெட்டில் எங்கே இருக்கிறோம் என்பதைத் தொலைத்துவிட்டார். கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது. நான் சாதாரணமாகப் பாட்டின் அடிப்படைச் சுரக்கட்டுகளை, அந்தக் கார்டுகளை மட்டும் வாசித்திருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு அவர் திரும்பி வந்திருப்பார். நானோ, ஆகா இடம் கிடைத்தது என்று என் வேலைத்தனங்களை எல்லாம் காட்டினேன். கூட்டம் எனக்குக் கைதட்டியது. வாசிப்பு முடிந்து பெட்டியை மூடும்போது அந்தக் கோவாக்காரப் பெரியவர் என்னிடம் வந்தார். அவன் தண்ணீரில் தத்தளித்துக்கொண்டிருந்தான், கையைக் கொடுப்பதை விட்டுவிட்டு நீ கரையில் நின்று டான்ஸ் ஆடினாய் என்றார். அவருக்கு என் கதை எதுவும் தெரியாது. வாயில் வந்த ஒரு பேச்சாகச் சொன்னார். நான் கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

அதற்குப் பிறகு நான் மற்றவர்களுக்குப் பக்கத்துணையாக வாசிப்பதில் பெயர் எடுத்தேன். யார் தடுமாறினாலும் என் கிட்டார் அவர்களைத் தூக்கிக்கொண்டு வந்துவிடும். அது எனக்குப் பெருமைதான். ஆனால் பெரியவர் விடைபெற்றுப் போகும்போது இன்னொன்றும் கேட்டார். நீ ஒரு காலத்தில் பாடியவன், உன் கை பாடகனின் கை, வார்த்தைகளை எங்கே விட்டுவிட்டு வந்தாய் என்று. ஊரில் என்றேன். போய் எடுத்துக்கொள் என்றார். எடுத்துக்கொள்ளப் போக எனக்கு இன்னும் இருபத்தைந்து வருஷம் ஆயிற்று.

கப்பல் வேலை முடிந்து ஊருக்கு வந்து அக்கா வீட்டு மாடியில் தங்கினேன். உங்களுக்கு முந்தின செட் பிள்ளைகள் என்னைத் தேடி வந்தார்கள். ராக் வாசிக்கிறவர்கள். எங்கேயோ கேள்விப்பட்டு, அங்கிள் அந்தக் காலத்தில் சொந்தமாகப் பாட்டு எழுதினீர்களாமே என்று கேட்டார்கள். அதெல்லாம் பழைய கதை என்று முதலில் விரட்டிவிட்டேன். அன்று சாயங்காலமே காகிதத்தை எடுத்தேன்.

எழுத வரவில்லை, பிள்ளைகளே. ராக் பாட்டுக்கு மூன்று கார்டு போதும். என் விரல்களோ கப்பல் பழக்கத்தில் ஒவ்வொரு கார்டிலும் இரண்டு சுரங்களைக் கூடுதலாகச் சேர்த்துக்கொண்டு போயின. ஒரு மாதம் போராடி இரண்டு சரணத்தில் ஒரு பாட்டு எழுதினேன். கடல், கயிறு, அதை மச்சினன் கையில் கொடுக்கிற வழக்கம், எல்லாம் அதில் இருந்தது. காய்ச்சல் மட்டும் இல்லை. அதை அக்காவுக்கும் அத்தானுக்கும் பாடிக்காட்டினேன். அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நன்றாக இருக்கிறது என்றாள். அத்தான் பழையபடியே கண்ணை மூடிக் கேட்டார். ஆனால் இன்னொரு மட்டம் பாடு என்று சொல்லவில்லை.

"கஞ்சிக்கு முந்திரிப்பருப்பு எதுக்குல? வெறுமனே வாசி," என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "பாட்டு இன்னும் முடியலயே. எங்கனயோ நிக்குது," என்றார்.

முந்திரிப்பருப்பை எடுப்பது சுலபமாக இருந்தது. மூன்றாவது சரணத்தை எழுதிக் கிழித்து, எழுதிக் கிழித்து, கடைசியில் ஒரு காலையில் அது ஒரே மூச்சில் வந்துவிட்டது. ஆனால் பயிற்சியில் அதை நான் ஒரு தடவைகூட வாய்விட்டுப் பாடவில்லை. இரண்டாவது சரணம் முடிந்ததும் கிட்டார் சோலோ, அதற்குப் பிறகு நான் பாடினால் சரணம், பாடாவிட்டால் அப்படியே முடித்துவிடலாம் என்று பிள்ளைகளிடம் சொல்லிவைத்தேன். சோலோ நன்றாக இருப்பதாக அவர்களுக்குச் சந்தோஷம். பயந்தவனுக்கு வித்தையும் தெரிந்திருந்தால் அவன் பயம் வெளியே தெரியவே தெரியாது. உங்களில் நன்றாக வாசிக்கிறவர்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன்.

கோயில் திருவிழாவை ஒட்டி எங்கள் சர்ச்சின் பங்கு மண்டபத்தில் ஒரு மாலை நிகழ்ச்சி. அக்கா மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அத்தானுக்குப் பெஞ்சில் காலை மடக்க முடியாது என்பதால் மேடை ஓரத்திலேயே நாற்காலி போட்டிருந்தோம். சின்னப் பிள்ளைகள் மேடையில் ஏறி ஏறி ஓடியதில் இரண்டு தடவை என் ஒயர் காலில் மாட்டியது. அத்தான் எட்டி அதை எடுத்து, தேவையான அளவு விட்டுவிட்டு, மீதியை வளையம் வளையமாகத் தன் மடியில் சுருட்டி வைத்துக்கொண்டார். கயிறு சுருட்டுகிற அதே கை.

இரண்டு சரணம் பாடினேன். சோலோ தொடங்கினேன். எட்டு சுற்று என்று பேச்சு. எட்டு முடிந்தது, பதினாறு முடிந்தது. டிரம்ஸ் வாசித்த பெண் என்னை ஏறிட்டுப் பார்த்தாள், நான் பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டேன். முப்பது வருஷத்தில் அவ்வளவு அழகாக நான் வாசித்ததில்லை. கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. இப்படியே முடித்துவிடலாம், யாருக்கும் எதுவும் குறையாது என்று தீர்மானித்தேன். முடிக்கிற கார்டுக்கு விரல் போய்விட்டது.

அப்போது ஒயர் இழுபட்டது. பிள்ளைகள் யாராவது மிதித்திருப்பார்கள் என்று நினைத்தேன். மறுபடியும் இழுபட்டது. இரண்டு தடவை, ஒரே அளவில். இடுப்பு வாரில் கோர்த்திருந்த ஒயர் வழியாக அது என் எலும்பில் தெரிந்தது. திரும்பிப் பார்த்தேன். அத்தான் என்னைப் பார்க்கவில்லை. மடியில் இருந்த ஒயரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் வாசிப்பதை நிறுத்தினேன். டிரம்ஸ் மட்டும் போய்க்கொண்டிருந்தது. மைக்குக்கு வந்து பாடினேன்.

"காய்ச்சல்னு சொன்னேன், கம்பளி மூடினேன்,
காலைப் பஸ்ஸில பாட்டோட ஓடினேன்.
ரெண்டு தடவ நீ இழுத்த நேரம்
மைக்கைத் தட்டிச் சரிபார்த்து நின்னேன்."

பாட்டு முடிந்தபோது அக்கா இருந்த இடம் காலி. அவள் தனியாக ஆட்டோ பிடித்துப் போயிருந்தாள். நானும் அத்தானும் இன்னொரு ஆட்டோவில் போனோம். பழைய துறைமுகம் தாண்டியதும் நான்தான் கேட்டேன், உங்களுக்கு முன்பே தெரியுமா என்று.

"மறுநாளே தெரியும்ல. ஒன் டிரம்ஸ்காரன் ஆஸ்பத்திரிக்கு என்னப் பாக்க வந்தான்லா. 'நேத்து ஒங்க மச்சினன் பிரமாதமாப் பாடினாம்ணே'ன்னு சொன்னான். அவனுக்கு ஒண்ணும் தெரியாது, பாவம்."

அக்காவிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீ சொல்லணும்லா மாப்ள," என்றார். "நான் எப்படிச் சொல்ல."

நாற்பது வருஷத்துக்கு மேல் அந்த மனிதர் அதைத் தன்னோடு வைத்துக்கொண்டு இருந்திருக்கிறார். நான் கப்பல் கப்பலாக ஓடிக்கொண்டிருந்திருக்கிறேன். ஆட்டோவில் என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அக்கா மூன்று வாரம் என்னோடு பேசவில்லை. சாப்பாடு மாடிப்படியில் வந்துவிடும், தட்டைக் கழுவி நான் அங்கேயே வைத்துவிடுவேன். வேறு வீடு பார்த்துப் போய்விடலாமா என்று யோசித்தேன். இந்த ஒரு தடவையாவது ஓடக்கூடாது என்று இருந்துவிட்டேன். சொந்த வாழ்க்கையைப் பாட்டாக எழுதப்போகிறேன் என்று என்னிடம் ஆசையோடு வருகிறீர்கள் அல்லவா, அந்த மூன்று வாரத்தையும் சேர்த்துத்தான் நீங்கள் எழுத வேண்டியிருக்கும். மேடையில் கைதட்டு வாங்கிவிட்டு வருவதோடு அது முடியாது. வீட்டில் ஒருத்தி தட்டை வைத்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் இறங்கிப் போவாள், அப்போதும் நீங்கள் அங்கேயே இருக்க வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து அவளே மாடி ஏறினாள். முழங்கால் வலிக்காரி, அந்தப் படிகளில் அவள் ஏறி வருஷக்கணக்காகிறது. கட்டிலில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள்.

"அன்னைக்குச் சாகுபுரத்துல என்ன பாட்டுல பாடின?"

சொன்னேன். அவளுடைய திட்டுகளை வைத்து எழுதிய அந்தப் பாட்டுத்தான். பாடு என்றாள். கிட்டாரை எடுக்கவில்லை, வெறும் வாயால் பாடினேன். ஒரு வரிகூட மறந்திருக்கவில்லை. அவள் திட்டுகிற இடத்தில் அவளுக்கே கொஞ்சம் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு அழுதாள், எனக்காக இல்லை, அவருக்காக.

"நல்லாத்தாம்ல இருக்கு," என்றாள். "சொல்லிட்டுப் போயிருந்தா, கடலும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம்னு அவரும் ஒங்கூட பஸ் ஏறியிருப்பாருலா. ஒம் பாட்டுன்னா அவருக்கு அம்புட்டு உசிரு."

அத்தனை வருஷத்தில் எனக்கு அது தோன்றவே இல்லை. கயிற்றை நான் பிடித்திருக்க வேண்டும் என்றுதான் நினைத்து நினைத்து அழுதிருக்கிறேன். கயிறே வேண்டியிருந்திருக்காது. முன்வரிசையில் ஈரத்தலையோடு, கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார்.

அதனால்தான் இப்போது எந்த ஊரில் நிகழ்ச்சி என்றாலும் தேதியை நான் முதலில் அத்தானிடம் சொல்கிறேன். அவரும் சட்டையை மாற்றிக்கொண்டு எனக்கு முன்னாலேயே வாசலுக்கு வந்து நிற்கிறார். அடுத்த வாரம் குலசேகரன்பட்டினத்தில் நமக்கு மேடை இருக்கிறது. வேனில் முன்சீட்டு அவருக்கு. வயர்லெஸ்ஸை நீங்கள் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு வேண்டாம். என் ஒயரைச் சுருட்டி அவர் மடியில் வைத்துவிட்டு நகர்ந்துகொள்ளுங்கள், மற்றதை அவர் பார்த்துக்கொள்வார்.